160 இடத்தில் அப்ளை செய்தும் ஒரு போன் இல்லை: ரெஸ்யூம் யார் கண்ணிலும் படவில்லையா?

மறைமலைநகர் க்யூஏ | 6 ஜனவரி 2025, இரவு 9.42

பி.இ. மெக்கானிக்கல், 2020 பேட்ச். ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் நாலு வருஷம் மூன்று மாசம், குவாலிட்டி பிரிவு. அலுமினியம் பிரஷர் டை காஸ்டிங், மெஷினிங். செப்டம்பரிலிருந்து நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் சேர்த்து 160 இடத்தில் அப்ளை செய்தாயிற்று. ஒரு போன்கூட வரவில்லை. கம்பெனிகள் விண்ணப்பங்களை வாங்கிப் பிரித்துவைக்கும் ஏடிஎஸ் சாஃப்ட்வேர் 75 சதவீத ரெஸ்யூமைத் தானாகவே தள்ளிவிடும் என்கிறார்கள். வேலை விளம்பரத்தை அப்படியே வெள்ளை எழுத்தில் ரெஸ்யூமின் அடியில் ஒட்டினால் அதைத் தாண்டிவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

கிண்டி ரெக்ரூட்டர் | 6 ஜனவரி, இரவு 10.20

செய்யாதீர்கள். சாஃப்ட்வேர் ரெஸ்யூமை வெறும் எழுத்தாக உரித்துத்தான் வைத்துக்கொள்ளும். நிறம் அங்கே கிடையாது. நீங்கள் ஒளித்துவைத்த விளம்பரம் முழுக்க எங்கள் திரையில் கறுப்பு எழுத்தில் நிற்கும். பார்த்த உடனே மூடிவிடுவோம்.

75 சதவீதம் என்ற கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமாக எந்த ஆய்வையும் யாரும் காட்டியதில்லை. சாஃப்ட்வேர் தானாக வெளியே தள்ளுவது பெரும்பாலும் அப்ளை செய்யும்போது கேட்கும் கேள்விகளால்தான். "குறைந்தது 5 வருட அனுபவம் உண்டா", "ஷிப்டில் வருவீர்களா", "30 நாளில் சேர முடியுமா" என்பது மாதிரி. அங்கே "இல்லை" போட்டால் ரெஸ்யூம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டியலுக்கு வராது.

உங்கள் விஷயம் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வேலையைப் போட்டால் இரண்டு நாளில் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும். பாதிக்கு மேல் சம்பந்தமே இல்லாதவை. அதனால் பல ரெக்ரூட்டர்கள் விண்ணப்பக் குவியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நௌக்ரியில் ரெஸ்யூம்களைத் தேடும் பகுதியான ரெஸ்டெக்ஸுக்குப் போய்த் தாங்களே தேடுவார்கள். அந்தத் தேடலில் நீங்கள் வரவில்லை. வராததால் யாரும் திறக்கவில்லை.

ரெஸ்யூமை அப்புறம் பார்க்கலாம். முதலில் ப்ரொஃபைலில் என்னென்ன நிரப்பியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு கட்டமாக இங்கே எழுதுங்கள். போன் நம்பர், கம்பெனி பெயர் வேண்டாம்.

கிண்டி ரெக்ரூட்டர் | 6 ஜனவரி, இரவு 10.48

இன்னொன்று. எங்கள் பக்கத் திரை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் மீதி எல்லாம் விளங்கும்.

மேலே கீவேர்ட் பெட்டி. அதன் கீழே அனுபவம் இத்தனை முதல் இத்தனை வருஷம், ஆண்டுச் சம்பளம் இத்தனை முதல் இத்தனை லட்சம், தற்போதைய ஊர், நோட்டீஸ் பீரியட், படிப்பு, கடைசியாக எத்தனை நாளுக்குள் தளத்துக்கு வந்தவர் என்று வரிசையாக ஃபில்டர்கள். தேடினால் ஆளுக்கு ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் பெயர், அனுபவம், சம்பளம், ஊர், இப்போதைய பதவி, முந்தைய பதவி, படிப்பு, கீ ஸ்கில்ஸ். ரெஸ்யூம் அதற்குள் இருக்காது. க்ளிக் செய்தால்தான் திறக்கும். இத்தனை சி.வி. பார்க்கலாம் என்று கம்பெனி வாங்கிய கணக்கிலிருந்து ஒன்று குறையும். ஆகவே கை சும்மா க்ளிக் செய்யாது. அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்தே திறப்பதா வேண்டாமா என்று முடிவாகிவிடும்.

ஒரு ஃபில்டரில் தவறினாலும் கட்டமே வராது. பத்தில் ஒன்பது பொருந்தினாலும் அதே கதைதான்.

மறைமலைநகர் க்யூஏ | 7 ஜனவரி, காலை 7.15

எழுதுகிறேன் அண்ணா.

ஹெட்லைன்: சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேடும் கடின உழைப்பாளி (ஆங்கிலத்தில்தான் இருக்கிறது).
மொத்த அனுபவம்: 4 வருடம் 3 மாதம்.
ஆண்டுச் சம்பளம்: 0 லட்சம் 38 ஆயிரம்.
ஊர்: செங்கல்பட்டு. விருப்ப ஊர்: எங்கே வேண்டுமானாலும்.
நோட்டீஸ்: 3 மாதம்.
துறை: புரொடக்ஷன்.
கீ ஸ்கில்ஸ்: டீம் வொர்க், லீடர்ஷிப், எம்எஸ் ஆபீஸ், ஆட்டோகேட், குவாலிட்டி, டிஎஸ் 16949.

கிண்டி ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, காலை 7.31

சம்பளம்!

கிண்டி ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, மதியம் 1.10

காலையில் அவசரம். இப்போது விவரமாக.

38 ஆயிரம் என்பது உங்கள் மாதச் சம்பளம். அந்தக் கட்டம் கேட்பது ஆண்டுக்கு. உங்கள் கணக்குப்படி வருஷத்துக்கே 38,000 ரூபாய் வாங்குகிறீர்கள். நாலு வருஷ அனுபவக்காரரைத் தேடுபவர் 4 முதல் 7 லட்சம் என்று போடுவார். அந்தத் தேடல் எதிலும் நீங்கள் இல்லை. செப்டம்பரிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது.

38,000 பெருக்கல் 12 என்றும் போட்டுவிடாதீர்கள். கைக்கு வருவது வேறு, சிடிசி வேறு. கடைசி அப்ரைசல் லெட்டரை எடுங்கள். அதில் முதலாளி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ் எல்லாம் சேர்ந்து ஆண்டு சிடிசி என்று ஒரு எண் இருக்கும். அதை அப்படியே போடுங்கள். கூட்டிப் போட வேண்டாம். ஆஃபர் கொடுக்கும் முன் சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்குக் கேட்பார்கள், அங்கே நிற்கும்.

அடுத்தது ஊர். மறைமலைநகர் செங்கல்பட்டு மாவட்டம் என்பது சரி. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து ஆதாரில்கூட அப்படித்தான் மாற்றிக்கொள்கிறோம். ஆனால் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் ஃபில்டரில் தட்டுவது சென்னை. தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்வருபவர் தற்போதைய ஊர் சென்னை என்று வைத்துக்கொள்வதில் பொய் எதுவும் இல்லை. முகவரி கேட்டால் மறைமலைநகர் என்று சொல்லிக்கொள்ளலாம். விருப்ப ஊரில் "எங்கேயும்" வேண்டாம். சென்னை, ஓசூர், கோயம்புத்தூர் என்று உண்மையாகப் போகக்கூடிய மூன்றைக் கொடுங்கள்.

துறை: குவாலிட்டி அஷ்யூரன்ஸ் என்று மாற்றுங்கள். புரொடக்ஷனில் தேடுபவருக்கு நீங்கள் தேவையில்லை. குவாலிட்டியில் தேடுபவர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள்.

நோட்டீஸ்: அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஓசூர் எஸ்க்யூஏ | 7 ஜனவரி, மாலை 6.05

கீ ஸ்கில்ஸ் பற்றி நான் சொல்கிறேன், சப்ளையர் குவாலிட்டி என் துறை.

ஆட்டோ துறைக்கான குவாலிட்டி ஸ்டாண்டர்டு டிஎஸ் 16949 போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. அதன் இடத்தில் 2016 அக்டோபரில் ஐஏடிஎஃப் 16949 வந்தது. தேடுபவர் "ஐஏடிஎஃப்" என்றுதான் அடிப்பார். பழைய பெயர் மட்டும் இருந்தால் தேடலில் சிக்கமாட்டீர்கள். தப்பித்தவறிச் சிக்கினாலும் இவருக்குப் புதிய ஸ்டாண்டர்டே தெரியாதோ என்று தோன்றும். உள் தணிக்கையாளர் பயிற்சி முடித்திருந்தால் "ஐஏடிஎஃப் 16949:2016 இன்டர்னல் ஆடிட்டர்" என்று முழுசாக.

டீம் வொர்க், லீடர்ஷிப் என்று எவரும் தேடுவதில்லை. எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஆட்டோ குவாலிட்டியின் ஐந்து கோர் டூல்ஸ்: ஏபிக்யூபி (புதிய பாகத்தைத் திட்டமிடுவது), பிபிஏபி (பாகத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல்), எஃப்எம்இஏ (எங்கே தவறலாம் என்ற ஆய்வு), எஸ்பிசி (புள்ளிவிவரக் கண்காணிப்பு), எம்எஸ்ஏ (அளக்கும் முறையையே சோதிப்பது). பிறகு 8டி (எட்டுப் படியில் பிரச்சினையைத் தீர்ப்பது), ஒய் ஒய் அனாலிசிஸ், கன்ட்ரோல் பிளான், ஜிடி அண்ட் டி (டிராயிங்கில் வடிவ அளவுக் குறியீடு), சிஎம்எம் (முப்பரிமாணத்தில் அளக்கும் மெஷின்). நீங்கள் டை காஸ்டிங்கில் இருப்பதால் எச்பிடிசி (ஹை பிரஷர் டை காஸ்டிங்), போரோசிட்டி (வார்ப்புக்குள் விழும் நுண்துளை), எக்ஸ்ரே, லீக் டெஸ்டிங். கடைசி நான்கும்தான் உங்களைக் கூட்டத்திலிருந்து தனியே காட்டும். கோர் டூல்ஸ் எல்லாரும் போடுவார்கள். போரோசிட்டியோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவு.

கிண்டி ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, இரவு 9.00

இவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுருக்கத்தையும் விரிவையும் இரண்டையும் வையுங்கள். ஒரு ரெக்ரூட்டர் "பிபிஏபி" என்று அடிப்பார், இன்னொருவர் "புரொடக்ஷன் பார்ட் அப்ரூவல் பிராசஸ்" என்று விளம்பரத்தில் இருப்பதை அப்படியே காப்பி செய்து போடுவார். கீ ஸ்கில்ஸில் சுருக்கம், ரெஸ்யூமுக்குள் ஒரே ஒரு இடத்தில் விரிவு. பத்து இடத்தில் திரும்பத் திரும்ப வேண்டாம்.

சிஎம்எம் சாஃப்ட்வேரின் பெயரையும் போடுங்கள். கேலிப்ஸோ, பிசி டிமிஸ், எம்காஸ்மாஸ் எது தெரிந்தாலும்.

ஓசூர் எஸ்க்யூஏ | 7 ஜனவரி, இரவு 9.25

"எது தெரிந்தாலும்" என்பதில் கவனம் வேண்டும். மெஷினில் ரெடி புரோகிராமை ஓட்டத் தெரிவது ஒன்று. டிராயிங்கைப் பார்த்து டேட்டம் அலைன்மென்ட் எடுத்துப் புதிதாக புரோகிராம் எழுதத் தெரிவது வேறு. "கேலிப்ஸோ, ஆபரேட்டிங்" என்றோ "கேலிப்ஸோ, புரோகிராமிங்" என்றோ வார்த்தை சேர்த்து எழுதுங்கள். 3-2-1 அலைன்மென்ட் எப்படி எடுப்பாய் என்று ஒரு கேள்வி போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறைமலைநகர் க்யூஏ | 8 ஜனவரி, இரவு 10.30

லெட்டரில் நோட்டீஸ் 60 நாள். எச்.ஆர். வாய்வழியாக 90 என்று சொன்னதால் மூன்று மாதம் போட்டிருந்தேன். சிடிசி 5.1 லட்சம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஆட்டோகேட் இருக்கட்டுமா? டிராயிங் பார்க்க மட்டும்தான் தெரியும்.

கிண்டி ரெக்ரூட்டர் | 8 ஜனவரி, இரவு 10.52

ஆட்டோகேட் வேண்டாம். "டிராயிங் ரீடிங்" போதும்.

நோட்டீஸ் லெட்டரில் இருப்பதுதான் செல்லும். 2 மாதம் என்று மாற்றுங்கள். அவசரத்துக்கு ஆள் தேடுபவர் 15 நாள், 1 மாதம் இரண்டை மட்டும் டிக் செய்வார். அங்கே நீங்கள் வரமாட்டீர்கள், அதற்கு வழியில்லை. ஆனால் 2 மாதம் வரை எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. 3 மாதம் என்றால் அவர்களிலும் பெரும்பகுதி போய்விடும். லீவை நோட்டீஸில் கழிக்கவோ பணம் கட்டி முன்கூட்டியே விலகவோ உங்கள் லெட்டர் இடம் கொடுத்தால் அதை ப்ரொஃபைல் சம்மரியில் ஒரு வரி எழுதுங்கள். ஃபில்டரில் பொய் போடாதீர்கள். 15 நாள் என்று பார்த்துக் கூப்பிட்டவரிடம் 60 நாள் என்றால் அந்த போன் அரை நிமிடத்தில் முடியும்.

ஹெட்லைனுக்கு 250 எழுத்து இடம் உண்டு. இப்படி வைத்துப் பாருங்கள், ஆங்கிலத்தில்தான்:

குவாலிட்டி இன்ஜினியர், 4 வருடம், எச்பிடிசி மற்றும் மெஷினிங். பிபிஏபி, எம்எஸ்ஏ, எஸ்பிசி, 8டி. ஐஏடிஎஃப் 16949 இன்டர்னல் ஆடிட்டர். சிஎம்எம் கேலிப்ஸோ ஆபரேட்டிங். சென்னை, ஓசூர். நோட்டீஸ் 60 நாள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு முன் உள்ளே போய் ஏதாவது ஒரு சின்ன மாற்றம் செய்து சேமியுங்கள். புதிதாக வந்தவர்களை மேலே காட்டும்படி வரிசைப்படுத்துபவர்கள் உண்டு.

அம்பத்தூர் வாசகர் | 9 ஜனவரி, காலை 11.00

இப்போதைய கம்பெனி எச்.ஆரும் ரெஸ்டெக்ஸ் வைத்திருந்தால்? மாட்டிக்கொள்ள மாட்டாரா?

கிண்டி ரெக்ரூட்டர் | 9 ஜனவரி, மதியம் 12.40

நல்ல கேள்வி, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நௌக்ரி செட்டிங்ஸில் குறிப்பிட்ட கம்பெனிகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. இப்போதைய கம்பெனி, அதன் தாய்க் கம்பெனி, குழுமத்தின் மற்ற பெயர்கள் எல்லாவற்றையும் சேருங்கள். ஒரு பெயர் மட்டும் போட்டால் குழுமத்தின் இன்னொரு யூனிட்டிலிருந்து பார்த்துவிடுவார்கள். உங்கள் கம்பெனிக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் கன்சல்டன்சி பெயர் தெரிந்தால் அதையும்.

லிங்க்ட்இனில் "ஓப்பன் டு வொர்க்" இரண்டு விதம். பச்சை வளையம் போட்டால் ஊருக்கே தெரியும். "ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமலிருக்க லிங்க்ட்இன் முயலும், முழு உத்தரவாதம் தராது. வேலையில் இல்லாதவர்கள் பச்சை வளையம் போடுவதில் தயங்க ஒன்றுமில்லை.

மறைமலைநகர் க்யூஏ | 16 ஜனவரி, இரவு 8.20

பொங்கல் லீவு முடிந்து வந்து பார்த்தேன். தேடலில் தோன்றிய எண்ணிக்கை முன்பு வாரத்துக்கு 3, 4. இந்த வாரம் 58. ரெக்ரூட்டர் ஆக்ஷன், அதாவது ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தது மாதிரி, 2 மட்டும். போன் இல்லை.

கிண்டி ரெக்ரூட்டர் | 16 ஜனவரி, இரவு 9.45

இந்த இரண்டு எண்ணையும்தான் பார்க்கச் சொல்ல இருந்தேன். தோன்றுவதே குறைவு என்றால் ஃபில்டர் கட்டங்களில் கோளாறு. தோன்றியும் யாரும் திறக்கவில்லை என்றால் அந்தச் சின்னக் கட்டம் இழுக்கவில்லை, அதாவது பதவிப் பெயர், கீ ஸ்கில்ஸ். திறந்தும் போன் இல்லை என்றால் ரெஸ்யூம். போன் வந்து மேலே போகவில்லை என்றால் சம்பளம், நோட்டீஸ், பேச்சு. அடுப்பில் வைத்த பால் மாதிரி நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள் போதும்.

58ல் 2 என்றால் இரண்டாவது இடத்தில் அடைப்பு. இப்போதைய பதவி என்ன போட்டிருக்கிறீர்கள்?

மறைமலைநகர் க்யூஏ | 16 ஜனவரி, இரவு 9.58

கம்பெனியில் கொடுத்த பெயர்: ஜி.இ.டி. (கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி) டூ, எக்ஸிக்யூட்டிவ் கிரேடு.

கிண்டி ரெக்ரூட்டர் | 16 ஜனவரி, இரவு 10.10

அதைப் பார்ப்பவருக்கு நீங்கள் இன்னும் டிரெய்னி. உள்ளே புழங்கும் கிரேடு வெளியில் யாருக்கும் புரியாது. "குவாலிட்டி இன்ஜினியர்" என்று போடுங்கள், ரிலீவிங் லெட்டரில் வரப்போகும் பெயரை ரெஸ்யூமுக்குள் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்: குவாலிட்டி இன்ஜினியர், பதவி நிலை எக்ஸிக்யூட்டிவ். பதவியை உயர்த்தாதீர்கள். சீனியர் இன்ஜினியர், அசிஸ்டென்ட் மேனேஜர் என்றெல்லாம் போட்டால் பின்னணிச் சரிபார்ப்பில் லெட்டரோடு ஒத்துப்போகாது. தேதிகளும் அப்படியே. பி.எஃப். யுஏஎன் கணக்கில் சேர்ந்த நாள், விலகிய நாள் இரண்டும் இருக்கும், ஒரு மாதத்தை அங்கே இங்கே இழுத்தாலும் தெரிந்துவிடும்.

இப்போது ரெஸ்யூம். பிடிஎஃப்பைத் திறந்து, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வருகிறது என்று அப்படியே சொல்லுங்கள்.

மறைமலைநகர் க்யூஏ | 17 ஜனவரி, காலை 6.50

நோட்பேடில் தலைகீழாக வருகிறது. இடது பக்க ஸ்கில்ஸ் பட்டை வலது பக்க அனுபவத்தின் நடுவில் நுழைகிறது. போன் நம்பர் காணோம். "சர்டிஃபைடு" என்ற ஆங்கிலச் சொல் நடுவில் இரண்டு எழுத்து இல்லாமல் உடைந்திருக்கிறது. கேன்வாவில் செய்தது.

கிண்டி ரெக்ரூட்டர் | 17 ஜனவரி, மதியம் 1.25

இதையேதான் கம்பெனிகளின் சாஃப்ட்வேரும் வாங்கிக்கொள்ளும். வொர்க்டே ஆகட்டும், சக்சஸ்ஃபேக்டர்ஸ் ஆகட்டும், நம்ம ஊர் ஸோஹோ ரெக்ரூட் ஆகட்டும், ரெஸ்யூமை முதலில் எழுத்தாக உரித்துப் பெயர், போன், படிப்பு, வேலை என்று பிரித்துப் போடும். பக்கம் இடது, வலது என்று இரண்டாகப் பிரிந்திருந்தால் வரிக்கு வரி கலந்துவிடலாம். வேர்டில் ஹெடருக்குள் போட்ட போன் நம்பரைச் சில சாஃப்ட்வேர்கள் தொடவே தொடாது. அந்த உடைந்த எழுத்து, சில ஃபான்ட்களில் எஃப்பும் ஐயும் ஒட்டி ஒரே வடிவமாக இருப்பதால் வருவது.

செய்ய வேண்டியது இது. வேர்டில் புதிதாக ஆரம்பியுங்கள். பக்கத்தை இடது, வலது என்று பிரிக்க வேண்டாம். டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், ஐகான், ஸ்கில்லுக்கு நட்சத்திரம், போட்டோ எதுவும் வேண்டாம். கேலிப்ரி அல்லது ஏரியல், அளவு 10.5 அல்லது 11. பெயர், போன், மின்னஞ்சல், ஊர் எல்லாம் பக்கத்தின் உடலிலேயே முதல் இரண்டு வரியில். தலைப்புகள் வழக்கமான பெயரில்: எக்ஸ்பீரியன்ஸ், எஜுகேஷன், ஸ்கில்ஸ். "என் பயணம்" என்று வைத்தால் சாஃப்ட்வேருக்குப் புரியாது. தேதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, மாதமும் வருடமும். முடித்ததும் சேவ் ஆஸ் பிடிஎஃப். பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் படம், உள்ளே ஒரு எழுத்தும் கிடைக்காது. நௌக்ரி 2 எம்பிக்கு மேல் ஏற்காது, வேர்டில் செய்தால் அந்தக் கவலையே வராது.

திரும்பவும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே படித்தால் ஒழுங்காக ஓட வேண்டும்.

கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை" என்று உறுதிமொழி, இடம், தேதி, தந்தை பெயர், மதம், திருமண நிலை, பிறந்த தேதி. கல்யாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாவிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எட்டு வரி மிச்சமாகும், எடுத்துவிடுங்கள். ஆதார், பான் எண்கள் ரெஸ்யூமில் கூடவே கூடாது.

அம்பத்தூர் வாசகர் | 17 ஜனவரி, இரவு 8.15

பெயர் விஷயத்தையும் சொல்லுங்கள் சார். நம்மவர்களுக்கு இனிஷியல் பெரிய தொல்லை.

கிண்டி ரெக்ரூட்டர் | 17 ஜனவரி, இரவு 9.30

ஆமாம். வொர்க்டேயில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம். ரெஸ்யூமில் "எம். குமார்" என்று இருந்தால் ஃபர்ஸ்ட் நேம் "எம்" என்று தானாக நிரப்பி வைக்கும். அதற்குப் பிறகு ரெக்ரூட்டருக்குப் போகும் மெயில்களில் எல்லாம் நீங்கள் எம். அப்பா பெயர் முருகன் என்றால் "குமார் முருகன்" என்று விரித்து எழுதுங்கள். பான் கார்டில் பெரும்பாலும் இனிஷியலை விரித்துத்தான் இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். பான் கார்டில் உள்ளபடி எல்லாத் தளத்திலும் ஒன்றுபோல வைத்துக்கொண்டால் பிறகு சரிபார்ப்பில் இழுபறி குறையும். ஆட்டோஃபில் செய்ததை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டே சப்மிட் கொடுங்கள்.

ஓசூர் எஸ்க்யூஏ | 18 ஜனவரி, காலை 10.40

அனுபவப் பகுதியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? "இன்கமிங், இன்பிராசஸ், ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்குப் பொறுப்பு" என்றுதானே?

மறைமலைநகர் க்யூஏ | 18 ஜனவரி, காலை 11.05

அதே வரிதான்.

ஓசூர் எஸ்க்யூஏ | 18 ஜனவரி, மதியம் 2.30

குவாலிட்டியில் இருக்கும் எல்லார் ரெஸ்யூமிலும் அந்த வரி இருக்கிறது. அதைப் படித்தால் என்ன பாகம், எந்த பிராசஸ், எத்தனை, என்ன சரிசெய்தீர்கள் எதுவும் தெரியாது. நான்கு விஷயம் வர வேண்டும்: பாகம், செயல், கருவி, எண்.

மாதிரிக்கு ஒன்று எழுதுகிறேன், எண்கள் உங்களுடையதாகப் போட்டுக்கொள்ளுங்கள். "அலுமினியம் கியர் ஹவுசிங், 2 எச்பிடிசி மெஷின். லீக் டெஸ்ட் ரிஜெக்ஷன் இத்தனை சதவீதத்திலிருந்து இத்தனைக்கு, 5 மாதத்தில். காரணம்: கேட் அருகே காஸ் போரோசிட்டி. செய்தது: வேக்கம் வால்வு சுத்தம் செய்யும் இடைவெளி, ஷாட் ஸ்லீவ் நிரம்பும் அளவு இரண்டையும் கன்ட்ரோல் பிளானில் சேர்த்தது."

இரண்டாவது, புதிய பாகங்கள். "புதிதாக இத்தனை பாகங்களுக்கு பிபிஏபி லெவல் 3 சமர்ப்பிப்பு, முதல் சமர்ப்பிப்பிலேயே ஒப்புதல் பெற்றவை இத்தனை." மூன்றாவது, எம்எஸ்ஏ. "இத்தனை கேஜ்களுக்கு கேஜ் ஆர் அண்ட் ஆர், 10 சதவீதத்துக்கு மேல் இருந்தவற்றுக்கு ஃபிக்ஸ்சர் மாற்றியது." இப்படி நாலைந்து வரி போதும். படிப்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே நிமிர்ந்து உட்கார்வார்.

கஸ்டமர் பெயர், பார்ட் நம்பர் போடாதீர்கள். "ஜெர்மன் டியர் ஒன் கஸ்டமர்" (கார் கம்பெனிக்கு நேரடியாகச் சப்ளை செய்பவர்) என்றால் போதும்.

கிண்டி ரெக்ரூட்டர் | 18 ஜனவரி, இரவு 9.10

8ஆம் தேதி தினமும் மாற்றம் செய்யுங்கள் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தினமும் தேவையில்லை. உள்ளே போய்வந்தாலே கடைசியாக வந்த நாள் புதுப்பித்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாள் உருப்படியாக ஏதாவது சேருங்கள். ஃபில்டரில் விழாத ப்ரொஃபைலைத் தினமும் புதுப்பித்தாலும் தேடலில் வராது.

மறைமலைநகர் க்யூஏ | 27 ஜனவரி, இரவு 7.50

ரெஸ்யூம் மாற்றி ஒன்பது நாள். தோன்றியது 64, ஆக்ஷன் 11. ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன், கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ரெஸ்யூமை மட்டும் அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு நண்பர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் ரெஃபர் செய்கிறேன் என்கிறார், ஆனால் அங்கே நான் ஏற்கனவே கேரியர் பக்கத்தில் அப்ளை செய்திருக்கிறேன்.

கிண்டி ரெக்ரூட்டர் | 27 ஜனவரி, இரவு 9.20

இரண்டும் ஒரே சிக்கலின் இரண்டு முகம். கம்பெனியின் சாஃப்ட்வேரில் உங்கள் மின்னஞ்சல் அல்லது போன் நம்பர் ஏறிவிட்டால், அடுத்து யார் வழியாக வந்தாலும் டூப்ளிகேட் என்று காட்டும். யார் முதலில் ஏற்றினாரோ அவர் கணக்கில்தான் நீங்கள். பல இடத்தில் இது ஆறு மாதம் நீடிக்கும்.

ஆகவே வரிசை இது: ரெஃபரல் கிடைக்க வாய்ப்பிருக்கும் கம்பெனியில் நீங்களாக அப்ளை செய்யாதீர்கள், முதலில் நண்பரைக் கேளுங்கள். ஏற்கனவே செய்துவிட்டீர்கள் என்பதால் ரெஃபரல் போனஸ் அவருக்கு வராமல் போகலாம். பரவாயில்லை, ஜாப் ஐடியோடு அந்தப் பிரிவின் மேனேஜருக்கோ ரெக்ரூட்டருக்கோ அவரை ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். ஏறிக்கிடக்கும் ரெஸ்யூமைத் திறக்கவைக்க அது போதும்.

நண்பருக்கு அனுப்பும்போது "ஓப்பனிங் இருந்தால் சொல்லு" என்று அனுப்பாதீர்கள். ஜாப் ஐடி, இரண்டு வரியில் ஏன் பொருந்துகிறீர்கள், பிடிஎஃப். அவர் அப்படியே ஃபார்வர்டு செய்யும்படி. ஃபைலுக்குப் பெயர், வேலை, வருடம் மூன்றும் வரட்டும். "ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2" என்ற பெயரில் எங்கள் டவுன்லோடு ஃபோல்டரில் நாற்பது ஃபைல் கிடக்கும்.

கன்சல்டன்சி: கம்பெனி பெயரும் ஜாப் விவரமும் சொல்லாமல் ரெஸ்யூம் தரவேண்டாம். "நான் சரி சொன்ன பிறகே அனுப்புங்கள்" என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி அனுப்பிவிட்டால் யாருடைய ஆள் என்ற சண்டையில் உங்களையே விட்டுவிடுவார்கள். உங்களிடம் பணம் கேட்டால், ரிஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அது வேலை இல்லை. கட்டியே விட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

அம்பத்தூர் வாசகர் | 28 ஜனவரி, காலை 9.05

அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் பதிந்தால் பயன் உண்டா?

ஓசூர் எஸ்க்யூஏ | 28 ஜனவரி, மதியம் 12.15

ஐடிஐ, டிப்ளமோ, ஃப்ரெஷர் என்றால் கட்டாயம் பதியுங்கள், இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாம்களில் நேராகக் கம்பெனி எச்.ஆர். மேஜைக்கே போய்விடலாம். ரெஸ்யூம் பத்து பிரதி, போட்டோ, மார்க் ஷீட் ஜெராக்ஸ் கொண்டுபோங்கள், காலையிலேயே. நாலு வருஷ அனுபவக்காரருக்கு அங்கே பொருத்தமான பதவி குறைவு.

மறைமலைநகர் க்யூஏ | 11 பிப்ரவரி, இரவு 8.40

ஆக்ஷன் 19 வரை போயிருக்கிறது. ஆனால் போன் இதுவரை இரண்டுதான். எங்கே அடைப்பு?

கிண்டி ரெக்ரூட்டர் | 11 பிப்ரவரி, இரவு 8.55

மெயிலின் ஸ்பேம் ஃபோல்டர், ப்ரமோஷன்ஸ் டேப் இரண்டையும் பார்த்தீர்களா? நௌக்ரி வழியாக அனுப்பும் அழைப்புகள் கொத்தாக அங்கே போய் விழும். போனில் தெரியாத நம்பரை ஓசையில்லாமல் ஆக்கும் செட்டிங் இருந்தால் அணைத்துவையுங்கள். ஷாப் ஃப்ளோரில் போன் எடுக்க முடியாதென்றால் "மாலை 5 மணிக்கு மேல் அழைக்கவும்" என்று ரெஸ்யூமில் நம்பருக்குப் பக்கத்திலேயே போடலாம்.

மறைமலைநகர் க்யூஏ | 11 பிப்ரவரி, இரவு 9.30

ஸ்பேமில் நாலு மெயில். ஒன்று ஒரகடத்தில், சப்ளையர் குவாலிட்டி. 7ஆம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

கிண்டி ரெக்ரூட்டர் | 11 பிப்ரவரி, இரவு 9.33

இப்போதே பதில் போடுங்கள். மன்னிப்பு ஒரு வரி, சிடிசி, எதிர்பார்ப்பு, நோட்டீஸ், வரக்கூடிய இரண்டு நாள். நாளை காலை பத்தரைக்கு மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போனும் செய்யுங்கள். தேதி தாண்டினாலும் அந்த இடம் பெரும்பாலும் நிரம்பியிருக்காது.

மறைமலைநகர் க்யூஏ | 12 பிப்ரவரி, மாலை 6.20

சனிக்கிழமை காலை 10 மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். போரோசிட்டி 8டி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகட்டுமா?

ஓசூர் எஸ்க்யூஏ | 12 பிப்ரவரி, இரவு 7.00

வேண்டவே வேண்டாம், அது உங்கள் கம்பெனியின் சொத்து. இங்கே காட்டுபவர் நாளை எங்களுடையதையும் காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். வெள்ளைத் தாளில் அந்த ஹவுசிங்கை வெறும் கையால் வரைந்து, கேட் எங்கே, ஓவர்ஃப்ளோ எங்கே, போரோசிட்டி எந்த இடத்தில் வந்தது என்று குறித்துக் காட்டப் பழகுங்கள். 8டியில் மூலக் காரணம் தேடும் படியான டி4ல் எந்தெந்தக் காரணத்தை எப்படி விலக்கினீர்கள் என்பதைத்தான் குடைந்து கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தடவை வரைந்துவிடுங்கள்.